பயணத்திலும் உடலுக்கு உரிமை உண்டு

 



என் குறை ஒன்றைச் சொல்லி இன்றைய பாடத்தைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த சிலரை அழைத்துக்கொண்டு உம்ராவுக்குப் போயிருந்தேன். போவதற்கு முன் மூன்று வாரம் அவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். நிய்யத், தல்பியா, தவாஃபின் துஆக்கள் என எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். மக்காவில் தவாஃப் முடிந்து ஸஃயு தொடங்கியது. நாலாவது சுற்றில் மூச்சு வாங்கி, கால் நடுங்கி, மர்வாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்களோடு வந்தவர்களில் மூத்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர், என்னருகே வந்து, "ஹஜ்ரத், நீங்க உக்காருங்க. நான் ஜம்ஜம் எடுத்துட்டு வர்றேன்" என்றார். அவருக்கு என்னைவிட இருபது வயது கூடுதல். வாழ்நாள் முழுக்க நடந்த கால்கள் அவருடையவை. நானோ கிதாபும் நாற்காலியுமாக இருந்தவன்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை போனால் மொத்தம் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கே அந்த நிலை. ஊர் திரும்பி இரத்தப் பரிசோதனை செய்தேன். சுகர் இருப்பது தெரிந்தது. மற்றவர்களுக்கு உம்ராவின் சட்டங்களைக் கற்றுக்கொடுத்த நான், அதை நிறைவேற்றும் உடலைத் தயார் செய்யவில்லை.

பயணச் சலுகை நமக்குச் சொல்லும் பாடம்

"ஹஜ்ரத், ஊர்ல இருக்கும்போது தினமும் நடக்கிறேன். வெளியூர் போனா விட்டுப்போயிடுது. சாப்பாடும் கட்டுப்பாடு இல்லாமப் போயிடுது" என்று பலர் சொல்கிறார்கள். பயணம் சிரமமானதுதான். அது வேதனையின் ஒரு பகுதி, உணவையும் உறக்கத்தையும் தடுத்துவிடும், வேலை முடிந்ததும் வீட்டுக்கு விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியுள்ளது.

சிரமம் இருப்பதால்தான் மார்க்கம் சலுகை தந்தது. ஆனால் அந்தச் சலுகை எப்படிப்பட்டது என்று கவனியுங்கள். நான்கு ரக்அத் இரண்டாகக் குறைகிறது, தொழுகையே இல்லாமல் போகவில்லை. ரமளான் நோன்பை விடலாம், ஆனால் வேறு நாட்களில் களாச் செய்ய வேண்டும். வாகனத்தின் மேலிருந்து, அது செல்லும் திசையை நோக்கியே நபி (ஸல்) அவர்கள் நஃபில் தொழுதிருக்கிறார்கள். ஃபஜ்ரின் முன் சுன்னத்தையும் வித்ரையும் பயணத்திலும் பேணினார்கள். அளவு குறையலாம், நேரம் மாறலாம், முறை மாறலாம். தொடர்பு மட்டும் அறுந்துபோகக் கூடாது.

இதே பாடத்தை உடல் நலத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு மணி நேரம் ஓடுகிறவர் பயணத்தில் இருபது நிமிடம் ஓடட்டும். ஓட இடம் இல்லையா? நடக்கட்டும். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்பது நாம் அறிந்த ஹதீஸ்தானே!

பயணத்தில் ஓடிய நபியும் தோழர்களும்

ஓட்டம் நவீன காலத்துப் பழக்கம் என்று நினைக்காதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அது ஒரு பயணத்தில் நடந்தது. முதல் முறை அன்னையார் ஜெயித்தார்கள். பிறகு அவர்களுக்கு உடம்பு போட்டதும் மீண்டும் ஓடினார்கள். இம்முறை நபியவர்கள் ஜெயித்து, அதற்கு இது சரியாகிவிட்டது என்று அன்போடு சொன்னார்கள். மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே நடக்கப் போகும் கணவர்களே, இந்தச் செய்தியைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் தூ கரத் சம்பவத்தில், ஒட்டகங்களைக் கொள்ளையடித்தவர்களைக் கால்நடையாகவே துரத்தியவர். திரும்பும் வழியில் ஓர் அன்ஸாரித் தோழர், மதீனா வரை என்னோடு ஓட யாராவது உண்டா என்று கேட்டார். ஸலமா (ரலி) நபியவர்களிடம் அனுமதி கேட்டு ஓடினார், ஜெயித்தார். இதை முஸ்லிமில் காணலாம்.

அதைவிடப் பெரிய சான்று தவாஃபில் இருக்கிறது. ஹிஜ்ரி 7-இல் நபியவர்கள் உம்ராவுக்கு வந்தபோது, மதீனாவின் காய்ச்சல் முஸ்லிம்களைப் பலவீனப்படுத்திவிட்டது என்று மக்காவினர் பேசிக்கொண்டார்கள். முதல் மூன்று சுற்றுகளில் தோள் குலுங்க விரைந்து செல்லுமாறு நபியவர்கள் தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அதுதான் ரமல். நீண்ட பயணம் செய்து வந்த களைப்பிலும் பலம் தெரிய வேண்டும் என்பதே அதன் பின்னணி. இன்றும் ஆண்கள் அந்த சுன்னத்தைச் செய்கிறோம். செய்ய உடலில் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் ஒன்று. தொழுகைக்கு வரும்போது மட்டும் ஓடாதீர்கள். அங்கே நிதானமாக வருவதே நபிவழி.

நம் பகுதியிலேயே ஒரு முன்மாதிரி

நந்தனத்தில் இருக்கும் நமக்கு ஓட்டம் புதிதல்ல. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நம் தெருக்களை ஒட்டியே இருக்கிறது. சைதாப்பேட்டைத் தொகுதியில் 2016-லும் 2021-லும் வென்று, சுகாதாரத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன் அவர்களை எல்லோருக்கும் தெரியும். 2004-இல் சாலை விபத்தில் காலில் பலத்த காயம் பட்டவர், சர்க்கரை நோயும் உள்ளவர். அப்படிப்பட்டவர் மாரத்தான் ஓட்டக்காரர் ஆனார். வெளியூர், வெளிநாடு போனாலும் காலை ஓட்டத்தை விடுவதில்லை. அரசியலை விட்டுவிடுங்கள். நல்ல பழக்கம் யாரிடம் இருந்தாலும் பாடம் படிக்கலாம். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கப்பட்டது. சென்னையில் அது பெசன்ட் நகரில் இருக்கிறது.

இது ஏன் அவசரம்? இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நம் வீடுகளில் யாருக்கு இல்லை என்று தேட வேண்டிய நிலை.

பயணத்தில் என்ன செய்யலாம்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். பயணத்தில் ஃபஜ்ருக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையில் அந்த நேரம் கிடைக்கும். பெட்டியில் நல்ல காலணி ஒரு ஜோடி வையுங்கள். தங்கும் இடத்திலிருந்து பள்ளிவாசலுக்கு நடந்தே போங்கள். ரயிலிலும் விமானத்திலும் மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

விருந்துக்குப் போனால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியைப் பிரியாணித் தட்டின் முன்னும் நினையுங்கள். சுகர் உள்ளவர்கள் மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், சூடான தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். இதுவரை ஓடாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நடையில் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

இன்றே தொடங்குவோம்

ஓர் அடியான் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஊரில் ஆரோக்கியமாக இருந்தபோது செய்த அமல்களின் கூலி அவனுக்கு எழுதப்படும் என்ற கருத்தில் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. எவ்வளவு பெரிய ரஹ்மத்! ஆனால் ஊரில் செய்து வந்தவனுக்குத்தானே அந்தக் கூலி? நம் இயலாமையை அல்லாஹ் அறிவான். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரைக்கோ நாம் முஸாஃபிர் என்பது தெரியாது.

அந்த உம்ராவுக்குப் பிறகு நான் ஃபஜ்ர் முடிந்து சேமியர்ஸ் சாலைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். முதல் வாரம் பத்து நிமிடம். இப்போது மெதுவாக மூன்று கிலோமீட்டர் ஓட முடிகிறது. ஸஃயுவின் தூரம் அதுதான் என்பதால் அந்த அளவை வைத்துக்கொண்டேன். ஜமாஅத்தோடு எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் காலணியும் கூடவே வருகிறது. அல்லாஹ் நாடினால், அடுத்த முறை மர்வாவின் ஓரத்தில் உட்காராமல், அந்தப் பெரியவரோடு ஏழு சுற்றையும் முடிக்க ஆசை.

உங்கள் உடலுக்கும் உங்கள் மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். ஊரில் இருந்தாலும் பயணத்தில் இருந்தாலும் அந்த உரிமையைக் கொடுத்து, ஆரோக்கியத்தோடு வணங்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.