வண்டிக்கும் மூச்சு முட்டும்! - ஏர் ஃபில்டரை வீட்டிலேயே சுத்தம் செய்யும் முறை



“வண்டி இழுக்கவே மாட்டேங்குதுடா” என்று யாராவது சொன்னால் போதும், பக்கத்தில் நிற்பவர் உடனே வைத்தியம் சொல்வார்: “மச்சி, ஏர் ஃபில்டரைக் கழட்டிப் போட்டுடு. பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும்!” இது இன்ஜினைக் கொல்லும் வைத்தியம். ஏன் என்று முதலில் பார்ப்போம். பிறகு முறையாகச் சுத்தம் செய்வதைக் கற்போம்.

இன்ஜின் குடிக்கும் காற்று எவ்வளவு?

தெர்மல் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அப்படியானால் தேவைப்படும் காற்று சுமார் 11 கிலோ. கன அளவில் ஏறத்தாழ 9,000 லிட்டர்! ஒரு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் அளவு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி, 50 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இவ்வளவு காற்றையும் நம் ஊர் ரோட்டிலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். செம்மண் ரோட்டுப் புழுதி சும்மா இருக்குமா?

அந்தப் புழுதியில் இருக்கும் மணல்தூள் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியோ மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அங்கே மணல்தூள் புகுந்து ஆயிலோடு கலந்தால், ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி வேலை செய்யும். ரிங்கும் போரும் தேயும், கம்ப்ரஷன் குறையும், சைலன்சரில் நீலப்புகை வரும். கடைசியில் ரீபோர்! சில நூறு ரூபாய் ஃபில்டரைக் கவனிக்காமல் விட்டால் பல ஆயிரம் செலவு வைக்கும். அப்பா வேலைக்குப் போகும் ஒரே வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றால் வீட்டில் என்ன கஷ்டம் என்று சொல்லவே வேண்டாம்.

அடைத்துக்கொண்டால் எப்படித் தெரியும்?

கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தால் பெட்ரோல் பங்கு கூடிவிடும். பிளக் கரி பிடிக்கும், கறுப்புப் புகை வரும், மைலேஜ் குறையும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். அதில் சென்சார்கள் காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துவிடும். அதனால் கரியும் புகையும் அவ்வளவாகத் தெரியாது, இழுவைதான் குறையும்.

முதலில் இனம் தெரிய வேண்டும்

ஃபில்டர் மூன்று வகை. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

1. ஸ்பாஞ்ச் ஃபில்டர்: கழுவலாம், ஆயில் போட வேண்டும்.
2. உலர்ந்த பேப்பர் ஃபில்டர்: தட்டலாம், காற்றடிக்கலாம். கழுவக் கூடாது.
3. ஆயில் ஊறிய பேப்பர் ஃபில்டர்: தொட்டால் பிசுபிசுக்கும். இதைக் கழுவவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் புதிது மாற்றுவது ஒன்றே வழி.

செய்முறை

வண்டி நன்றாக ஆறட்டும். பக்கவாட்டு மூடியைத் திறக்குமுன் வெளிப் புழுதியை ஈரத்துணியால் துடையுங்கள். கழற்றும் ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். ஃபில்டரை எடுத்ததும் இன்ஜினுக்குப் போகும் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். பெட்டிக்கு அடியில் சிறு டியூப் இருந்தால் அதன் மூடியைக் கழற்றித் தேங்கிய ஆயிலையும் தண்ணீரையும் வடித்து, மறுபடி மூடிவிடுங்கள்.

ஸ்பாஞ்ச் என்றால்: வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கிப் பிழியுங்கள். துணி பிழிவதுபோல் முறுக்கினால் கிழிந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு புத்தகத்தில் சொன்ன ஆயிலைத் தடவி, பழைய காட்டன் துணியில் சுற்றி அமுக்கி, மிச்ச ஆயிலை எடுத்துவிடுங்கள். பிசுபிசுப்பு இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. தூளைப் பிடிப்பதே அந்த ஆயில்தான். ஆயில் இல்லாத ஸ்பாஞ்ச் ஓட்டைச் சல்லடைக்குச் சமம்.

உலர்ந்த பேப்பர் என்றால்: மெதுவாகத் தட்டித் தூளை உதிருங்கள். காற்றடிப்பதானால் குறைந்த பிரஷரில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு அடிக்க வேண்டும். தலைகீழாக அடித்தால் தூள் பேப்பருக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மங்கலாகப் பரவினால் சரி. துளியும் தெரியாவிட்டால் அடைப்பு. பளிச்சென்று புள்ளி தெரிந்தால் ஓட்டை. இரண்டுக்கும் புதிது வாங்க வேண்டியதுதான்.

மாட்டும்போது வாயில் அடைத்த துணியை மறக்காமல் எடுங்கள்! ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கே இடுக்கு இருந்தால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை; புழுதி அந்த வழியாகவே உள்ளே போய்விடும்.

செய்யக் கூடாதவை

* பெட்ரோலில் கழுவக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் ஆவியைக் கிளப்பக்கூடியது அது. அடுப்பங்கரைப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.
* ஈரமான ஃபில்டரை அவசரத்துக்கு மாட்டக் கூடாது.
* ஃபில்டர் காய்வதற்குள் “கடைக்குத்தானே, ஒரு ரவுண்டு” என்று வண்டியை எடுக்கக் கூடாது.

எப்போது செய்வது? வண்டிப் புத்தகம் சொல்கிறபடி. புழுதி ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு அதைவிடச் சீக்கிரமாக. ஸ்பாஞ்ச் காயும் நேரத்தைத் தள்ளினால் வேலை அரை மணிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்து, உங்கள் வண்டியில் இருப்பது மூன்றில் எந்த இனம் என்று பாருங்கள். சோப்பும் ஆயிலும் அதற்கப்புறம் எடுக்கலாம்.