விளையாடும் பிள்ளையின் தட்டில் முட்டை: மஞ்சள் கருவை எறியலாமா?



மாலையானால் மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகள் நம் தெருக்களில் நிறையப் பேர். கால்பந்து, கபடி, கிரிக்கெட், ஓட்டப்பந்தயம் என்று ஆளுக்கொன்று. பெண் பிள்ளைகளும் பள்ளி அணிகளில் நன்றாக விளையாடுகிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளில் காலையில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"உம்மா, மஞ்சக்கருவை எடுத்துட்டு வெள்ளையை மட்டும் குடுங்க. மஞ்சக்கரு சாப்பிட்டா கொழுப்பு வச்சிடும்னு ஜிம்முல சொன்னாங்க."

"எனக்கே கொலஸ்ட்ரால் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். இனி வீட்டில யாருக்கும் முட்டையே வேண்டாம்" என்கிறார் வாப்பா. அந்த நேரத்தில் வந்த மாமாவோ, "நாங்கெல்லாம் பச்சை முட்டையை உடைச்சு அப்படியே குடிச்சவங்க. அதில்தான் பலம்" என்கிறார்.

ஆளுக்கொரு பேச்சு. இதற்கு நடுவில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சத்து குறைந்துபோகிறது. அதை ஈடுகட்டுவதாக நினைத்து டப்பா பவுடருக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. ஆகவே இந்தப் பேச்சுகளில் எது சரி, எது தவறு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முட்டையில் என்ன இருக்கிறது?

ஓடு நீக்கிய 50 கிராம் அளவுள்ள ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு, 70 முதல் 75 கலோரி இருக்கின்றன. உடல் தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அந்த ஒன்பதும் முட்டையின் புரதத்தில் போதுமான அளவில் உள்ளன. விளையாட்டில் களைத்த தசையைச் சரிசெய்யவும், வளரும் வயதில் புதுத் தசை கட்டவும் இவை வேண்டும்.

குறைந்த விலையில் இவ்வளவு நல்ல புரதம் தரும் பொருள் கடையில் வேறு அதிகம் இல்லை. நம் மாநிலப் பள்ளிகளில் சத்துணவோடு முட்டை கொடுப்பதும் இதனால்தான்.

மஞ்சள் கருவை ஏன் எறியக் கூடாது?

புரதம் முழுவதும் வெள்ளையில்தான் இருக்கிறது என்பது தவறான எண்ணம். முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சள் கருவில் இருக்கிறது. வைட்டமின் ஏ, வைட்டமின் டி, பி12 ஆகியவையும், மூளைக்கும் நரம்புகளுக்கும் தேவையான கோலின் என்ற சத்தும் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான் உள்ளன. அதை எறிந்தால் காசு கொடுத்து வாங்கிய முட்டையின் பாதிச் சத்து குப்பைக்குப் போகிறது.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. எடை தூக்கும் பயிற்சி முடித்த இளைஞர்கள் பத்துப் பேருக்கு ஒருமுறை முழு முட்டையும், மற்றொரு முறை வெள்ளைக் கரு மட்டும் கொடுத்தார்கள். இரண்டு முறையும் புரத அளவு ஒன்றுதான், 18 கிராம். முழு முட்டை சாப்பிட்டபோது தசை கட்டும் வேலை ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதலாக நடந்தது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனால், 'மஞ்சள் கரு விளையாட்டு வீரனுக்கு ஆகாது' என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்பதை இது காட்டுகிறது.

வாப்பாவின் கொலஸ்ட்ரால் பயம்

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு மஞ்சள் கருவில் 185 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. 1968-இல் அமெரிக்க இதயச் சங்கமே வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. அந்தப் பேச்சுதான் உலகமெங்கும் பரவியது.

பிறகு வந்த ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. நம் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. உணவின் வழியாகக் கூடுதலாக வந்தால், பெரும்பாலானவர்களின் உடல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது வனஸ்பதி, நெய், கொழுப்பு நிறைந்த இறைச்சி ஆகியவற்றில் உள்ள கொழுப்புகள். அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, 'நாளுக்கு 300 மில்லிகிராம்' என்ற கொலஸ்ட்ரால் வரம்பை 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துவிட்டது. ஆரோக்கியமான பெரியவர் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடலாம் என்று அதே இதயச் சங்கம் இன்று சொல்கிறது.

ஆகவே வாப்பாவின் நிலை வேறு, பிள்ளையின் நிலை வேறு. நீரிழிவு, இதய நோய், கெட்ட கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதற்காக ஓடியாடும் பதினைந்து வயதுப் பிள்ளையின் முட்டையை நிறுத்த வேண்டியதில்லை. குடும்பத்தில் இளம் வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தால் மட்டும், பிள்ளைகளுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு 'முட்டை வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, இரவில் எண்ணெய் சொட்டும் பரோட்டா வாங்கிக் கொடுத்தால் என்ன லாபம்?

மாமாவின் பச்சை முட்டை

பச்சை முட்டைக்குப் பலம் அதிகம் என்ற நம்பிக்கை பழையது. 1976-இல் வந்த 'ராக்கி' என்ற ஆங்கிலப் படத்தில், குத்துச்சண்டை வீரர் காலையில் பச்சை முட்டைகளை உடைத்துக் குடிக்கும் காட்சி அதை இன்னும் பரப்பியது.

உண்மை நேர்மாறானது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 1998-இல் இதை அளந்து வெளியிட்டார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடலில் சேர்ந்தது. பச்சை முட்டையில் பாதியளவுதான் சேர்ந்தது. அதோடு, பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின் என்ற பொருள், பயோட்டின் என்ற வைட்டமினை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெந்தால் அந்தக் குணம் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சால்மோனெல்லா என்ற கிருமி. பச்சை முட்டையிலும், மேலே வேகாத ஆஃபாயிலிலும், கலக்கியிலும் அது உயிரோடு இருக்கலாம். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தால் போட்டிக்கு முன் பல வாரம் செய்த பயிற்சி வீணாகும். எனவே வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை வேகவையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிடம் போதும்.

எத்தனை போதும்?

பயிற்சி செய்யும் பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத் துறையின் கணக்கு. நம் பகுதியில் பள்ளி அளவில் கால்பந்து விளையாடும், 50 கிலோ எடையுள்ள பிள்ளை ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம் போதும். நம் வீட்டுச் சாப்பாட்டில் அது எப்படிக் கிடைக்கும் என்று பாருங்கள். எல்லாம் தோராயமான அளவுகள்.

காலை: நான்கு இட்லி, சாம்பார், ஒரு முட்டை – 18 கிராம்.
மதியம்: சோறு, பருப்புக் குழம்பு, காய், ஒரு முட்டை – 19 கிராம்.
மாலை, பயிற்சிக்குப் பின்: ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் – 14 கிராம்.
இரவு: மூன்று சப்பாத்தி, இரண்டு துண்டு மீன் அல்லது கோழிக்கறி – 24 கிராம்.

மொத்தம் 75 கிராம். இரண்டு முட்டை, கொஞ்சம் மீன், கடலை, பால். இவ்வளவுதான். மீன் இல்லாத நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையும் கூடுதலாக ஒரு டம்ளர் பாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே வேளையில் ஆறேழு முட்டையை அடுக்குவதால் பெரிய பயன் இல்லை. தேவைக்கு மேல் வரும் புரதம் தசையாகாது.

உடல் பெருக்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியும் அறிவுறுத்துகிறது. யாராவது மாத்திரையோ கேப்ஸ்யூலோ வாங்கச் சொன்னாலும், அதன் உறையில் உள்ள ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

முட்டையில் இல்லாதவை

முட்டை நல்ல உணவுதான், ஆனால் அது முழு உணவல்ல. ஓடுவதற்கு எரிபொருளான மாவுச்சத்து முட்டையில் இல்லை என்றே சொல்லலாம். 'சோறு வேண்டாம், முட்டை மட்டும் போதும்' என்று சாப்பிடும் பிள்ளை மைதானத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும். நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் முட்டையில் இல்லை. அவை கீரை, காய், பழத்திலிருந்துதான் வர வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். விளையாடும் பெண் எளிதில் மூச்சு வாங்கினால், தலைசுற்றினால், முகம் வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். முட்டையில் இரும்புச் சத்து குறைவு, அதையும் உடல் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. 'தினமும் முட்டை கொடுக்கிறோமே' என்று இருந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஈரல், இறைச்சி, முருங்கைக்கீரை, பயறு வகைகளைக் கொடுங்கள். உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைத் தடுக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

எப்போது கொடுப்பது?

முட்டை மெதுவாகச் செரிக்கும். போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதென்றால் வாழைப்பழம் போதும். பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் சோறோ சப்பாத்தியோ முட்டையோடு சாப்பிடுவது நல்லது.

நோன்புக் காலத்தில் ஸஹர் உணவோடு ஒரு முட்டை எடுத்தால் பசி தாங்கும். போதுமான தண்ணீரும் வேண்டும். கடுமையான பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நோன்புக் கஞ்சியோடு வெந்த முட்டை ஒன்று சேர்ந்தால் சோர்வு நீங்கச் சத்தான உணவு.

வாங்கும்போதும் சமைக்கும்போதும்

• ஓடு உடைந்த முட்டை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.
• தண்ணீரில் போட்டால் மூழ்குவது புதியது. மிதப்பது பழையது, ஒதுக்கிவிடுங்கள்.
• பச்சை முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• வெள்ளை ஓடு, பழுப்பு ஓடு என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. ஓட்டின் நிறத்தால் சத்து கூடாது.
• காடை முட்டை ஐந்து சேர்ந்தால்தான் ஒரு கோழி முட்டைக்குச் சமம்.
• முட்டை சாப்பிட்டதும் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் பிள்ளையின் எடை என்ன? நேற்று அவன் அல்லது அவள் சாப்பிட்டதில் புரதம் எத்தனை கிராம்?
2. பவுடருக்கோ கடைத் தீனிக்கோ மாதம் எவ்வளவு போகிறது? அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எவ்வளவு பழம் வாங்கலாம்?
3. ஆண் பிள்ளைக்கு வைக்கும் முட்டை, விளையாடும் பெண் பிள்ளையின் தட்டிலும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், நாளைக் காலையிலேயே சரிசெய்துவிடலாம். அதற்குத் தேவை இன்னொரு முட்டை, அவ்வளவுதான்.