செயின் ஒரு பல் தள்ளினால்...



சைக்கிள் செயின் தளர்ந்தால் கழன்று விழும். கையில் கிரீஸ் ஒட்டும், அவ்வளவுதான். கார் என்ஜினுக்குள்ளேயும் ஒரு செயின் உண்டு. அது தளர்ந்தால்? செங்கம் ரோட்டில் உள்ள எங்கள் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் அரையாண்டு லீவில் நான் கற்றதை எழுதுகிறேன்.

அதன் வேலை என்ன?

ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் 1 சுற்று சுற்ற வேண்டும். அப்போதுதான் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும். இந்த இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் செயின். மாருதி 800-ல் செயினுக்குப் பதில் பெல்ட். பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் செயின்தான்.

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஷெட்டுக்கு வந்ததும் அப்படி ஒரு அம்பாசடர்தான். அந்த வண்டி 2014-லேயே தயாரிப்பு நின்றுபோனது. ஆனால் அந்த டிரைவர் தாத்தாவுக்கு அதுதான் சோறு. பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் முன்பக்கம் 'சடசட' சத்தம். பிக்கப்பும் இல்லை. மாமா உடனே கழற்றவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் முன்னே திருப்பி, பிறகு பின்னே திருப்பச் சொன்னார். புல்லி திரும்பியும் ரோட்டர் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. "அந்த இடைவெளிதான் செயினோட தொய்வு, மாப்ள" என்றார்.

என்ஜினைப் பிரித்ததும் சாட்சிகள் கிடைத்தன:

1. டைமிங் கவரின் உள்பக்கம் செயின் உரசிய பளபள கோடு.
2. டென்ஷனர் ரப்பரில் ஆழமான பள்ளம்.
3. சக்கரப் பற்கள் கொக்கி போல வளைந்து தேய்ந்திருந்தன.

செயின் இரும்பு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு பின்னும் துளி துளியாகத் தேய்வதால்தான் மொத்த நீளம் கூடுகிறது. தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். அதனால் செயின், சக்கரங்கள், டென்ஷனர் எல்லாமே மாற்றினோம். டென்ஷனருக்கு ஆயில் வரும் துளையையும் சுத்தம் செய்தோம்.

நான் செய்த தப்பு

இரண்டு சக்கரத்திலும் ஒரு புள்ளி இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நான்தான் மாட்டினேன். நேராகத்தான் தெரிந்தது. "கவரை மூடலாமா மாமா?" என்றேன். "இரு. கையால 2 சுத்து சுத்திப் பாரு" என்றார். சுற்றினேன். புள்ளி ஒரு பல் தள்ளி நின்றது! இழுக்கும் பக்கத்தில் தொய்வை விட்டுவிட்டு மாட்டியிருக்கிறேன்.

ஒரு பல்தானே என்று நினைக்காதீர்கள். கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொண்டால் 360 ÷ 40 = 9 டிகிரி. கிராங்க் கணக்கில் 18 டிகிரி! வால்வும் பிழை, ஸ்பார்க்கும் பிழை. சில என்ஜின்களில் டைமிங் அதிகம் தள்ளினால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும்.

மாமா திட்டவில்லை. "மூடினதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா தாத்தாவுக்கு ஒரு பௌர்ணமி போயிருக்கும்" என்றார். அது திட்டைவிட உறைத்தது. மறுபடி மாட்டி, 2 சுற்று சுற்றி, புள்ளி பார்த்து மூடினோம். பௌர்ணமி அன்று அந்த வண்டி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். சத்தமே இல்லை.

யோசியுங்கள்: கேம் சக்கரத்தில் 36 பல் இருந்து ஒரு பல் தள்ளினால், கிராங்க் கணக்கில் எத்தனை டிகிரி? விடையைக் கீழே பென்சிலால் எழுதுங்கள்!

– மேல்நிலை முதலாம் ஆண்டு, தொழிற்பிரிவு மாணவன்