கணினிக்கு மருத்துவம்

புதுவை நகரின் வடமேற்கு ஓரத்தில் மேட்டுப்பாளையம் என்னும் பகுதி உள்ளது. நீலகிரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் வேறு, இது வேறு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து மஞ்சள் மதில்களையும் நேரிய தெருக்களையும் காண வருவோர் இப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இங்குக் காண்பவை தொழிற்கூடங்களும், சரக்குந்துகள் நிற்கும் முனையமும், அவை எழுப்பும் புழுதியுமே. புதுவை அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய பிப்டிக் அமைத்த தொழிற்பேட்டைகளுள் ஒன்று இங்கே இருக்கின்றது.

புதுவைக்கும் கணினிக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 1990களில் இவ்வாட்சிப் பகுதி அளித்த விற்பனை வரிச் சலுகையை நாடிக் கணினி நிறுவனங்கள் சில இங்கே தொழிற்சாலைகளை அமைத்தன. விப்ரோவும் எச்.சி.எல்லும் புதுவையில் கணினிகளை உருவாக்கி நாடெங்கும் அனுப்பின; பின்னாளில் அத்தொழிலை விட்டுவிட்டன. 1981ஆம் ஆண்டில் தனியாள் கணினியை வெளியிட்டுப் பெயர் பெற்ற ஐ.பி.எம். நிறுவனம், 2005இல் அப்பிரிவை லெனோவோ நிறுவனத்துக்கு விற்றது. லெனோவோவின் தொழிற்சாலையும் புதுவையிலே உள்ளது. செயற்கை நுண்ணறிவுப் பணிக்குரிய பெருங்கணினிகளை ஆண்டுக்கு 50,000 என்னும் அளவில் அங்கே செய்யப்போவதாக அந்நிறுவனம் 2024இல் அறிவித்தது. கணினி செய்யும் ஊரில் கணினியைப் பற்றிக் கருத்துச் சொல்வோர்க்குக் குறைவுண்டோ?

காய்ச்சல் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், மருந்து சொல்ல ஒன்பது பேர் முன்வருவர். கணினி மெதுவாக ஓடுகின்றது என்று சொன்னாலும் அவ்வாறே. நான் இதை 2019ஆம் ஆண்டில் என் பொருளையும், பொருளினும் மேலான ஒன்றையும் இழந்து கற்றேன்.

அந்நாளில் எங்கள் வீட்டுக் கணினி மிகவும் தளர்ந்து போயிற்று. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு நீராடி வந்தாலும் திரை விழித்திராது. உள்ளே இடையிடையே 'டிக், டிக்' என்றோர் ஓசையும் கேட்டது. அண்டை வீட்டு இளைஞர், "ஐயா, பழைய பெட்டி, புதிது வாங்கிவிடுங்கள்" என்றார். உறவினர் ஒருவர், "நினைவகத்தைக் கூட்டினால் பறக்கும்" என்றார். தேநீர்க் கடையில் கண்ட நண்பரோ, 'ரிஃப்ரெஷ்' விசையைப் பத்து முறை தட்டினால் வேகம் பிறக்கும் என்று தம் அனுபவத்தைச் சான்று காட்டினார். அவ்விசை திரையில் உள்ள படங்களை மீண்டும் வரைவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. மற்றொருவர், "வன்தட்டில் செய்திகள் சிதறிக் கிடக்கின்றன, இரவு முழுதும் ஓடவிட்டு அவற்றை ஒழுங்குபடுத்துங்கள்" என்றார்.

செலவில்லாத அறிவுரை என்பதால் இறுதியானதை ஏற்றேன். இரவில் ஓடவிட்டு உறங்கினேன். விடிந்தபோது திரையில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

அந்த வன்தட்டில் என் தந்தையாரின் உழைப்பு இருந்தது. அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். புதுவைத் தமிழர் பேச்சில் கலந்துவிட்ட பிரெஞ்சுச் சொற்களைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைச் 'சொல்தா' என்பது போன்ற சொற்கள் அவை. எங்கே கேட்டார், எவர் சொன்னார், என்ன பொருள் என்று ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதுவார். 2017இல் அவர் மறைந்தார். கணினியில் இருந்ததனால் தொகுப்பு காப்பாக உள்ளது என்று நான் கருதியிருந்தேன்.

தொழிற்பேட்டைக்கு அருகே சிறு கடை ஒன்றில் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். முன்பு கணினித் தொழிற்சாலை ஒன்றில் உறுப்புகளைப் பொருத்தும் பணியில் இருந்தவர். நான் கூறியவற்றைப் பொறுமையாகக் கேட்டபின், "ஐயா, எந்த உறுப்பு திணறியது என்று பார்த்தீர்களா?" என்று வினவினார். அவ்வினாவை அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாணவர்களே, அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்கும் கூறுகின்றேன். கணினியை ஒரு பட்டறையாகக் கருதுங்கள். மையச் செயலகம் என்பது வேலை செய்யும் தொழிலாளி. நினைவகம் அவர் முன்னுள்ள மேசை. வன்தட்டு பின்புறத்துக் கிடங்கு. மேசை சிறிதானால் பொருளை அடிக்கடி கிடங்கில் வைத்து எடுக்க நேரும். அப்போது நினைவகத்தைக் கூட்டுவது பயன் தரும். மேசை போதிய அளவு இருந்தும் கிடங்கிலிருந்து பொருள் வரத் தாழ்த்தால், மேசையைப் பெரிதாக்கி ஆவதென்ன? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், விண்டோஸ் கணினியில் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கின்றது என்பதை நூற்றுக்கணக்கில் காட்டும் பக்கம் தோன்றும். தொழிலாளி பத்து விழுக்காடு உழைக்க, கிடங்கு நூறு விழுக்காடு திணறினால் நோய் இன்னதென்பது வெளிப்படை.

கிடங்கு ஏன் திணறுகின்றது? பழைய வன்தட்டினுள் காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றது. அஃதாவது நொடிக்கு 120 சுற்று. வேண்டிய செய்தி முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருத்தல் வேண்டும். அதுவே நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மிகும். முனையைத் தாங்கும் கை இடம் பெயர்வதற்கு அதனினும் மிகுந்த நேரம் ஆகும். எனவே சிதறிக் கிடக்கும் துணுக்குகளை நொடிக்கு நூறு என்னும் அளவில்கூட அதனால் தேடி எடுக்க இயலாது. எஸ்.எஸ்.டி. என வழங்கும் புதுவகைச் சேமிப்பியிலோ சுழலும் பகுதியே இல்லை. அது நொடிக்குப் பல்லாயிரம் துணுக்குகளை எடுத்துத் தரும். புதுக் கணினியின் விலையில் சிறு பங்கைக் கொண்டே என் கணினியை இளமையாக்கியிருக்கலாம்.

அந்த 'டிக்' ஓசை, முனை தன் இடத்தைக் காணாது தடுமாறும் ஓசையாம். நோயுற்ற தட்டினை இரவு முழுதும் ஓட்டியது, நெஞ்சு நோயுள்ளவரைக் குன்றேறச் செய்தது போலாயிற்று. ஓசை கேட்ட அன்றே கணினியை நிறுத்தி, உள்ளிருப்பதைப் படி எடுத்திருத்தல் வேண்டும். "வேகத்தைப் பிறகு பார்க்கலாம் ஐயா, முதலில் படி எடுக்க வேண்டும்" என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி இல்லை. தூசு புகாத அறையில் தட்டினைத் திறந்து செய்தியை மீட்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு அனுப்பினோம். தகட்டின் பூச்சே உரிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினர்.

பழுதுபார்ப்பவர் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். விசிறியின் இதழ்களில் மேட்டுப்பாளையத்துப் புழுதி கம்பளி போல் படிந்திருந்தது. வெப்பம் வெளியேற வழியில்லையெனில் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோக முனைகளை அரிக்கும் என்றும், ஆண்டுக்கு இருமுறையேனும் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மெல்லிய தூரிகையால் துடைத்தல் நன்று என்றும் கூறினார். பெட்டியைத் தரையில் வைத்தலும் ஆகாது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தபோது, அவ்வறிவுரையின் பொருள் எங்கள் தெருவினர்க்கு விளங்கிற்று.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். "முற்றிலும் தீரவிட்டு, பின்னர் முழுதும் ஏற்றவேண்டும்" என்பார் இன்றும் உளர். இது பொய்யன்று, காலங்கடந்த மெய். நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் வழங்கிய நாளில் அதற்குக் காரணம் இருந்தது. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலமே இன்று மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் உள்ளது. அதற்கு முழுதும் வற்றுவதும் கேடு. எப்போதும் நிறைந்து வெப்பத்தில் கிடப்பதும் கேடு. இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்திருத்தல் அதன் வாழ்நாளை நீட்டும்.

'பழையதை எறி' என்னும் கருத்து மறுபடியும் 2025இல் கிளம்பிற்று. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 மென்பொருளுக்கு வழங்கிய பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11 கேட்கும் உறுப்புகளைப் பெற்றிரா. பாதுகாப்புத் திருத்தம் பெறாத மென்பொருளோடு இணையத்தில் உலவுதல் கூடாது. அவ்வளவில் அக்கருத்து சரியே. ஆயினும் கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அவற்றில் நன்றாக ஓடும். 2011இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய வடிவமும் இருந்தது. அதனைத் திறந்தே பாராத மாணவர் பலர்.

தந்தையாரின் தொகுப்புக்கு வருகின்றேன். அவர் 2008இல் ஒரு குறுந்தகட்டில் படி எடுத்து விழுப்புரத்தில் உள்ள என் தமக்கைக்குக் கொடுத்திருந்தார். தகடு கிடைத்தது, திறந்தால் எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே நிறைந்திருந்தன. தகடும் கெட்டதென்று நாங்கள் கருதினோம். கெட்டது தகடன்று. கணினி எழுத்தை எண்ணாகவே வைத்துக்கொள்ளும். எந்த எண் எந்த எழுத்து என்பது ஓர் உடன்பாடு. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. அவற்றுக்குப் புறம்பாக ஒவ்வோர் எழுத்துரு செய்வாரும் தத்தம் முறையை வைத்திருந்தனர். உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தும், அது பரவலாக வழக்கில் வரப் பல ஆண்டுகள் ஆயின. தந்தையார் தட்டச்சிட்டது டாம் முறையில். எழுத்துமாற்றி மென்பொருள் ஒன்றில் இட்டவுடன், அக்குறிகள் யாவும் அவருடைய தமிழாக மாறித் திரையில் நின்றன.

இன்று அத்தொகுப்புக்கு மூன்று படிகள் உள்ளன. ஒன்று எங்கள் கணினியில், ஒன்று விழுப்புரத்துத் தமக்கை வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். 'சொல்தா' பற்றிய குறிப்பு அதில் இருக்கின்றது. கடற்கரையில் இருந்த பழைய நகரமன்றக் கட்டடத்தை மக்கள் 'மேரி' என்பர். அக்கட்டடம் 2014 நவம்பரில் பெருமழையில் இடிந்து விழுந்தது. மறுநாள் தந்தையார் அங்கே நின்றிருந்த முதியவர்களிடம் கேட்டு வந்து, அச்சொல்லைப் பற்றி இரண்டு பக்கம் தட்டச்சிட்டதை நான் அருகிருந்து பார்த்தேன். 2008இல் எடுத்த படியில் அப்பக்கங்கள் இல்லை.