சின்ன வளவு, நிறைந்த கோப்பை: அச்சுவேலி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

அச்சுவேலிச் செம்மண்ணில் தோட்டம் வைத்திருப்பவருக்கு மரக்கறிக்குக் குறைவில்லை. கிணற்றடியும் வேலியும் மட்டுமே உள்ளவர் என்ன செய்வது? 2022 பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறைகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் நாலு முழ நிலத்தில் அரிசி விளையாது, இலை விளையும். ஆகவே இடத்தை இலைக்குக் கொடுங்கள். காசைப் பயறுக்கும் மீனுக்கும் வையுங்கள்.

படி 1: கோப்பையைப் பிரியுங்கள்

பாதி கீரை, மரக்கறி, பழம். கால்வாசி சோறு, பிட்டு அல்லது கிழங்கு. மீதிக் கால்வாசி பருப்பு, மீன், முட்டை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றைக் குவித்துச் சொதியை ஊற்றினால் வயிறு நிறையும், சத்து நிறையாது.

படி 2: வேலியிலிருந்து தொடங்குங்கள்

• முருங்கை: மாரி தொடங்கும்போது முற்றிய தடியை நடுங்கள். வேர் பிடித்தபின் கோடையையும் தாங்கும்.
• பசளி: தண்டை நட்டு வேலியில் படர விடுங்கள்.
• பொன்னாங்காணி, வல்லாரை: ஈரமான இடத்தில் வையுங்கள். சவர்க்காரத் தண்ணீர் படக்கூடாது. அதை வாழைக்கு விடுங்கள்.
• முளைக்கீரை: வெயில் படும் இடத்தில் உரப்பையில் மண்ணும் உக்கிய மாட்டெருவும் கலந்து, அடியில் துளையிட்டு விதையுங்கள். மூன்று, நாலு கிழமையில் பிடுங்கலாம். இரண்டு கிழமைக்கு ஒரு பை விதைத்தால் கீரைக்குத் தட்டுப்பாடு வராது.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். உரத்தின் நைதரேற்று அதனூடாக இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரும்.

படி 3: காசை எண்ணிச் செலவழியுங்கள்

பயறு, கௌபி, கடலை, உழுந்து ஆகியவற்றில் மலிவானதை வாங்குங்கள். அரிசியில் குறையும் புரதக் கூறுகளைப் பருப்பு நிரப்பும். பருப்பில் குறைவதை அரிசி நிரப்பும். நெத்தலியை முள்ளோடு தின்றால் கல்சியமும் கிடைக்கும். கருவாடானால் நன்றாகக் கழுவி, கறிக்கு உப்பைக் குறையுங்கள். வெள்ளை மாப் பிட்டுக்குப் பதிலாகக் கிழமையில் சில நாள் குரக்கன் பிட்டு அவியுங்கள்.

படி 4: சத்தைச் சட்டியிலேயே காப்பாற்றுங்கள்

கீரையைக் கழுவியபின் அரியுங்கள். தேங்காய்ப்பூப் போட்டுச் சுருக்காக வறை செய்யுங்கள். கீரையிலுள்ள கரோட்டீனை உடல் எடுத்துக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். மரவள்ளியைத் தோலுரித்து, மூடாமல் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.

படி 5: ஒரு நாளைப் போட்டுப் பாருங்கள்

காலை: குரக்கன் பிட்டு, அவித்த பயறு, வாழைப்பழம்.
மதியம்: சோறு, பருப்புக்கறி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், ஒரு துண்டு மீன்.
இரவு: ஒடியற் கூழ். மாவை ஊறவைத்துக் கசப்பை வடித்தபின், பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை, மீன், கொஞ்சம் அரிசி சேர்த்துக் காய்ச்சுங்கள்.

நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர் அளவுகளை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். மற்றவர்கள் இந்தக் கிழமை ஒரு பையும் ஒரு முருங்கைத் தடியும் வைத்துத் தொடங்கலாம். கீரை மிஞ்சினால் அயல்வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் வளவுத் தேசிக்காய் உங்கள் வறைக்கு உதவும்.