கொட்டேஷன் எழுதத் தெரிந்த பிள்ளைகள்

அன்புள்ள தம்பி இளங்கோவுக்கு,

சந்தாபுராவில் டிப்ளமோ மாணவர்களுக்குத் தொழில்முனைவுப் பாடம் எடுக்கும் பொறுப்பு வந்திருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓசூர் சாலைக்கு வா. வடக்கே பொம்மசந்திரா, மேற்கே ஜிகணி, தெற்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். இத்தனை தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, அமெரிக்கக் கோடீசுவரர்களின் படங்களைத் திரையில் காட்டுவானேன்?

கிரண் மஜும்தாரின் கதையைச் சொல். ஆஸ்திரேலியாவில் பீர் தயாரிப்புத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவருக்கு, பெண் என்பதால் இங்கே அந்த வேலை கிடைக்கவில்லை. 1978இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலோடு பயோகான் நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் என்ற நொதிதான் தொடக்ககாலச் சரக்குகளில் ஒன்று. வங்கிகள் கடன் தரத் தயங்கின. அதே பயோகான் இன்று பொம்மசந்திராவில் பெரும் வளாகமாக நிற்கிறது. இதைத் துணிச்சலின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடாதே. அவர் கையில் நொதித்தல் கலை இருந்தது. சரக்கை வாங்கிக்கொள்ள அயர்லாந்தில் ஒரு கூட்டாளி நிறுவனம் இருந்தது. கைத்தொழிலும் வாங்குபவரும் முதலில், பணம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாணவர் மனத்தில் பதிய வேண்டும்.

உன் மாணவர்களுக்கு லேத் ஓட்டத் தெரியும், டிராயிங் படிக்கத் தெரியும். விலை சொல்லத் தெரியாது. நீ கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் வித்தை அதுதான்.

ஒரு சி.என்.சி. மெஷினுக்கு மணிக்கு 400 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள். ஒரு பின் கடைய மூன்று நிமிடம். மணிக்கு 20 பின், ஆக ஒன்றுக்கு 20 ரூபாய் என்று கணக்குப் போட்டு, பொருள் விலையைச் சேர்த்துப் பையன் கொட்டேஷன் கொடுத்துவிடுவான். செட்டிங், டூல் மாற்றுவது, அளவு பார்ப்பது, ரிஜெக்ஷன் எல்லாம் போக உண்மையில் 15 பின்தான் வரும். ஒன்றுக்கு ஏறக்குறைய 27 ரூபாய். ஆயிரம் பின்னுக்கு ஆர்டர் எடுத்தால் 6,700 ரூபாய் வரை கையிலிருந்து போகும். தேர்வில் இப்படி ஒரு கணக்குக் கேள். ஜாப் ஒர்க் ஷெட் நடத்துபவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து விடைத்தாளைத் திருத்தச் சொல்.

அடுத்தது, பணம் வசூலிப்பது. வேலை நன்றாகச் செய்தும், பில் தொகை வராமலேயே மூடிய ஷெட்டுகள் உண்டு. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பாதுகாப்புக்கு உத்யம் என்ற அரசுப் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பர்சேஸ் ஆர்டர் இல்லாமல் வேலையைத் தொடாதே என்று அவர்களிடம் அழுத்திச் சொல்.

இப்படித் தொழிலோடு ஒட்டிக் கற்பிப்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. கோவையில் ஜி.டி. நாயுடு 1945இல் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைத்தபோது, நான்காண்டுப் படிப்பு தேவையில்லாத நீளம் என்று வாதிட்டார். பள்ளிப்படிப்பை முடிக்காமல், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர் அவர். கர்நாடகத்திலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. 1982இல் தர்மஸ்தலாவுக்கு அருகே உஜிரேயில் வீரேந்திர ஹெக்டேயின் முயற்சியில் இரண்டு வங்கிகளின் துணையோடு பிறந்த ருட்செட்டி என்ற பயிற்சி நிறுவனம் அது. குறுகிய காலம் தங்கிப் படிக்கும் இலவசப் பயிற்சி. அது முடிந்த பிறகும் பழைய மாணவர்களை விடாமல் தொடர்ந்து போய்ப் பார்ப்பார்கள். அதன் உயிர் அந்தத் தொடர்கவனிப்பில்தான் இருக்கிறது. பாடம் முடிந்த அன்றே மாணவரைக் கைகழுவிவிடும் கல்லூரிகளில் இதைத்தான் காணோம்.

எல்லாரையும் உடனே கடன் வாங்கி மெஷின் போடச் சொல்லிவிடாதே. குடும்பக் கடனை அடைக்க வேண்டிய பிள்ளை முதலில் வேலைக்குப் போகட்டும். ஆனால் எந்த உதிரிபாகத்தைக் கம்பெனி வெளியே கொடுத்து வாங்குகிறது, என்ன விலைக்கு வாங்குகிறது, எந்த சப்ளையர் தாமதிக்கிறார் என்று கவனித்தபடி போகட்டும். ஐந்தாண்டு கழித்து அவன் போடும் ஷெட் நிலைக்கும்.

இந்தப் பருவத்திலேயே உன் மாணவர்களை நாலைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கொரு டிராயிங்கோடு பொம்மசந்திராவுக்கு அனுப்பு. மூன்று ஷெட்டுகளில் விலை கேட்டு வரட்டும். விலைகள் ஏன் வேறுபடுகின்றன என்று வகுப்பில் வாதாடட்டும். நடந்ததை எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா