வாடகை வீடும் கவனியாத சீட்டுகளும்

படிப்பை முடித்து வேலைக்குச் செல்லும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வது இன்று சாதாரணமாகிவிட்டது. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, கடைத்தெரு பக்கமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். மின்மீட்டரில் என்ன எண் நிற்கிறது என்று பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? பெற்றோர் நிழலிலும் விடுதியிலும் வளர்ந்த நமக்கு விளக்கு எரிவது தெரியும். அதற்கென்று ஒரு சீட்டு வருவது தெரியாது.

புதுச்சேரியில் இந்த மறதிக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கணக்கு எடுப்பதே நெடுங்கால வழக்கம். புதுச்சேரியிலோ மாதக் கணக்கு. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ குடியேறும் பெண், “கரண்டு பில்லுக்கு இன்னும் நாள் இருக்கிறது” என்று நிம்மதியாக இருப்பாள். அதற்குள் ஒரு சீட்டு வந்து, கதவிடுக்கில் விழுந்து, பழைய செய்தித்தாளோடு எடைக்கும் போயிருக்கும்.

கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் 100 யூனிட்டுக்கு ஒரு விலை. அடுத்த 100 யூனிட்டுக்கு அதைவிடக் கூடுதல் விலை. கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இந்த விலையை நிர்ணயிக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 90 யூனிட் செலவாகும் வீடு பூட்டிக் கிடந்ததால் ஒரு மாதம் கணக்கெடுக்கவில்லை. மறுமாதம் மீட்டர் 180 காட்டுகிறது. அதனை ஒரே மாதச் செலவாகக் கொண்டால் 80 யூனிட் மேற்படிக்கு ஏறிவிடும். இரண்டு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு யூனிட்கூட ஏறாது. ஆகவே விடுபட்ட மாதத்துக்குப் பின் வரும் சீட்டை வாங்கியதும், எத்தனை மாதக் கணக்கு என்று பார்த்து, பிரிக்கப்படவில்லையானால் அலுவலகத்தில் கேட்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டாலும் நிலைக்கட்டணம் என்று ஒரு தொகை உண்டு. பூட்டிய வீட்டுக்கும் சீட்டு வரும்.

சீட்டில் ‘பாலிசி’ எண் என்று ஒன்று காணப்படும். ஆயுள் காப்பீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மின் இணைப்புக்குரிய எண். பிரெஞ்சு மொழியில் இத்தகைய ஒப்பந்தத்தைப் ‘போலீஸ்’ என்று சொல்வதுண்டு. அந்த நாளைய வழக்கின் எச்சமே இது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த எண் இருந்தால்தான் பாக்கி உண்டா என்று நாமே பார்க்க முடியும். எனவே சாவி வாங்கும் நாளில் பாலிசி எண்ணையும், கடைசியாகப் பணம் கட்டிய ரசீதையும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மீட்டரைப் படம் எடுத்து, தேதியோடு எண்ணை எழுதி, ஒரு பிரதியை அவரிடமும் கொடுத்துவிடுங்கள். நல்லவரிடம் இதைக் கேட்பதா என்ற கூச்சம் வேண்டாம். நல்லவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒண்டுக்குடித்தனத்தில் விஷயம் வேறு. பல குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால் எல்லார் செலவும் சேர்ந்து மேற்படிக்கு ஏறிவிடுகிறது. யூனிட்டுக்கு என்ன விலை போடுவார், சீட்டைக் காட்டுவாரா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

முன்பு குடியிருந்தவர் கட்டாத பாக்கி நம் தலையில் விழுந்தால் என்ன செய்வது? கடன் இணைப்பின் பெயரில் நிற்கிறது. இணைப்போ பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில். ஆயினும் இருட்டில் உட்காரப்போவது நாம். பழைய உரிமையாளரின் மின் பாக்கியைச் செலுத்தினால்தான் இணைப்பு என்று புதிய உரிமையாளரிடம் நிபந்தனை விதிக்க, விதிகள் இடந்தந்தால், மின்வாரியத்துக்கு உரிமை உண்டு என்று 2023-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ‘எனக்கென்ன’ என்றிருக்க இயலாது. வீட்டுக்காரருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். அவசரத்துக்கு நாமே கட்ட நேர்ந்தால், வாடகையில் கழித்துக்கொள்ள அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்றபின் கட்டுங்கள்.

2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 56-ஆம் பிரிவு, நமக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்குமுன் முழுமையாக 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். தொகை தவறென்று நினைத்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய 6 மாதச் சராசரிக் கணக்கு, இவற்றில் குறைவானதை ஆட்சேபத்துடன் கட்டிவிட்டால் தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. அஜ்மீரில் ஒருவருக்கு 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரையிலான கணக்கில் தவறு என்று 2014-இல் கூடுதல் சீட்டு வந்தது. தொகையைக் கேட்கலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அலுவலகத்தில் பரிகாரம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

இந்த 15 நாளை நினைவில் வையுங்கள். “பில் கட்டவில்லை, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்” என்று கைப்பேசிக்கு வரும் செய்தி மோசடிக்காரர் வேலை. பாக்கி உண்டோ என்ற பயம் உள்ளவர்தான் அதில் சிக்குவார்.

தண்ணீர்ச் சீட்டு வேறு இடத்திலிருந்து வருகிறது. பாரதி பூங்காவில் நாம் அடிக்கடி காணும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுந்தது. இன்று நகரின் குடிநீர் வழங்கலும் அதன் கட்டணமும் பொதுப்பணித்துறையைச் சேர்ந்தவை. கரண்டு பில்லைப் போல இது நினைவில் நிற்பதில்லை. யார் கட்டுவது என்று பேசாமலே குடிவந்துவிடுகிறோம். வாடகைச் சீட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். வீட்டு வரி நகராட்சிக்குரியது; அது வீட்டுக்காரர் பாடு. கேஸ் சிலிண்டருக்கு வாங்கும்போதே பணம் கொடுத்துவிடுவதால் பாக்கி சேர வழியில்லை.

வீட்டைக் காலி செய்யும்போது, சில நாள் முன்னதாகவே மின்துறையிடம் சிறப்புக் கணக்கெடுப்புக் கேட்கலாம். இறுதிச் சீட்டைத் தந்தபின் அதற்கு முந்தைய காலத்துக்கென்று வேறு தொகை கேட்க முடியாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகள். பணம் கட்டி, பாக்கியில்லாச் சான்றையும் வாங்கிக்கொண்டு, சாவியோடு சேர்த்து அதன் பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுத்து அட்வான்ஸைக் கேளுங்கள்.